இதய அறுவையும் உடலின் எதிர்ப்பும்: முன்கூட்டியே சொன்னால் என்ன?

“நல்லாத்தான் நடந்து போனாரு. அறுத்த பிறகுதான் மோசமாச்சு.”

இந்தப் பேச்சைக் கேட்காத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் இருக்குமா என்பது சந்தேகமே. துக்க வீட்டிலும், கோயில் வாசலிலும், தாமான் கடையில் தே தாரிக் குடிக்கும்போதும் இதய அறுவைச் சிகிச்சை என்ற பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சுற்றியிருப்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் அறுவைக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கும் ஒருவர் இருந்தால், அவர் மனத்தில் அன்றே ஒரு முடிவு விழுந்துவிடும்.

இந்தப் பேச்சை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அதில் பாதி உண்மை இருக்கிறது என்பதே சிக்கல். இதய அறுவைக்குப் பிறகு முதல் சில நாள்களில் நோயாளி முன்பைவிட மோசமாகத்தான் தெரிவார். முகம் வீங்கும், காய்ச்சல் அடிக்கும், நாடி வேகமாக ஓடும், சிலர் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுவார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் மருத்துவரின் தவறு அன்று. அறுவையை ஒரு தாக்குதலாகக் கருதி உடலே நடத்தும் எதிர்ப்பு அது. மருத்துவ உலகம் இதை நன்றாக அறியும். நோயாளியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் இது தெரிவதில்லை.

இதை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் அறுவைக்கு முன்பே, அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. அப்படிச் சொல்வதை மருத்துவர் காட்டும் கூடுதல் கருணையாகப் பார்க்காமல், சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். அந்தப் பணியில் தமிழ் படித்து அறிவியலும் படிக்கும் நம்மைப் போன்ற மாணவர்களுக்கும் பங்கு உண்டு.

உடலுக்குக் கத்திகளின் வேறுபாடு தெரியாது

விரலில் முள் குத்தினால் என்ன நடக்கிறது? அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் இந்த நான்கு அடையாளங்களையும் எழுதி வைத்தார். இதற்குத் தமிழில் அழற்சி என்று பெயர். அழல் என்றால் நெருப்பு. பெயர் வைத்தவர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.

அழற்சி ஒரு நோயன்று. அது உடலின் காவல் வேலை. காயம் பட்ட இடத்திற்கு இரத்தம் அதிகமாகப் பாய்கிறது. இரத்தக் குழாயின் சுவர் சற்றுத் தளர்ந்து, வெள்ளை அணுக்கள் வெளியே வருவதற்கு வழி விடுகிறது. அவை கிருமிகளைத் தின்கின்றன. சிதைந்த திசுக்களை அகற்றுகின்றன. அதன் பிறகுதான் காயம் ஆறத் தொடங்குகிறது. அழற்சி இல்லாவிட்டால் காயம் ஆறுவதும் இல்லை.

முள் குத்தும்போது இந்த நெருப்பு ஒரு விரலோடு நின்றுவிடும். இதய அறுவையில் அப்படி இல்லை. நெஞ்செலும்பை நடுவில் அறுத்துப் பிளக்கிறார்கள். பைபாஸ் என்றால் காலிலிருந்தோ கையிலிருந்தோ நெஞ்சுக்குள்ளிருந்தோ இரத்தக் குழாயை எடுத்து இதயத்தில் தைக்கிறார்கள். உயிர் காக்கும் கத்தி, உயிர் எடுக்கும் கத்தி என்ற வேறுபாடு உடலுக்குத் தெரியாது. வெட்டு விழுந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உடனே காவல் படை முழுவதையும் அது எழுப்பிவிடுகிறது.

இரத்தம் உடலுக்கு வெளியே ஓடும் நேரம்

இந்த எதிர்ப்பைப் பெரிதாக்கும் இன்னொன்று இதய-நுரையீரல் இயந்திரம். துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தின் உள்ளே நுண்ணிய தையல் போடுவது கடினம். எனவே இதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்கிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர் 1953ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் இதை முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார். பதினெட்டு வயதுப் பெண் ஒருவரின் இதயத்தில் இருந்த துளையை அவர் அடைத்தார். அந்தப் பெண்ணின் உயிரை 26 நிமிடங்கள் இயந்திரமே தாங்கியது. 1931இல், நுரையீரல் குழாய் அடைபட்டு ஒரு நோயாளி இறந்ததை அருகில் இருந்து பார்த்தபோது கிப்பனுக்குத் தோன்றிய எண்ணம் அது. நிறைவேற 22 ஆண்டுகள் ஆயின. ஆனால், அதன் பிறகு இயந்திரத்தைப் பயன்படுத்திச் செய்த அறுவைகளில் நோயாளிகள் இறந்தனர். மனம் உடைந்த கிப்பன் அந்த முயற்சியை நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் அதைத் தொடர்ந்து மேம்படுத்தினார்கள்.

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. இயந்திரமோ நிமிடத்திற்கு ஏறத்தாழ 4 முதல் 5 லிட்டர் வரை ஓட்டுகிறது. அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் உடலின் இரத்தம் முழுவதும் ஏறத்தாழ ஐம்பது முதல் அறுபது முறை பிளாஸ்டிக் குழாய்க்குள் போய் வந்துவிடும். பிறந்ததிலிருந்து இரத்தக் குழாயின் மென்மையான உட்சுவரை மட்டுமே தொட்டுப் பழகிய இரத்தம் அது. பிளாஸ்டிக்கை அது அந்நியனாகப் பார்க்கிறது.

இரத்தத்தில் காம்ப்ளிமெண்ட் என்ற காவல் புரதங்கள் எப்போதும் உறங்கிக்கொண்டிருக்கின்றன. அந்நியப் பொருள் பட்டால் அவை ஒன்றையொன்று எழுப்பிவிடும். தோரணமாகக் கட்டிய பட்டாசில் ஒன்றைப் பற்ற வைத்ததுபோல. இதய-நுரையீரல் இயந்திரத்தில் இது நடக்கிறது என்பதைச் செனோவெத் என்பவரும் அவருடைய குழுவினரும் 1981இல் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1983இல் அமெரிக்காவின் அலபாமாவில் கிர்க்லின் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இந்தப் புரதத் துண்டுகள் இரத்தத்தில் கூடக் கூட, அறுவைக்குப் பிறகு இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் தொல்லைகளும் கூடுவதை அவர்கள் கண்டார்கள். இயந்திரத்தில் இருக்கும் நேரம் நீள நீளவும் தொல்லை கூடியது.

வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. நிறுத்தி வைத்த இதயத்திற்கு மீண்டும் இரத்தம் பாயும்போது, பசியில் கிடந்த தசை அந்தப் பாய்ச்சலாலேயே சற்றுக் காயப்படுகிறது. இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். அறுவை முடிந்ததும் அதை முறிக்கப் புரோட்டமின் கொடுக்கிறார்கள். இவ்விரண்டும் சேரும்போதும் காவல் புரதங்கள் விழித்துக்கொள்கின்றன. வெள்ளை அணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. அந்தச் செய்தி மூளைக்குப் போனால் காய்ச்சல். இரத்தக் குழாய்களுக்குப் போனால் அவை தளர்ந்து நீரைக் கசியவிடுகின்றன. இயந்திரத்தை நிரப்ப ஊற்றிய திரவமும் அதனுடன் சேர்ந்து முகமும் கைகால்களும் வீங்குகின்றன. நுரையீரலில் நீர் கசிந்தால் மூச்சுக்கருவி இன்னும் சிறிது நேரம் தேவைப்படுகிறது.

ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதயத் துடிப்பு சில நாள்கள் தாறுமாறாக ஓடும். வயதானவர்களுக்கு மனக் குழப்பம் வருவதுண்டு. மயக்க மருந்து, தூக்கமின்மை, புதிய இடம் ஆகியவற்றோடு இந்த அழற்சிக்கும் அதில் பங்கு இருப்பதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இவையெல்லாம் சில நாள்களில் அடங்கிவிடும். சிலருக்கு அடங்காமல் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இறப்பவர்களும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவதில் பயனில்லை.

நெருப்பை அணைக்கப் பார்த்த கதை

“இவ்வளவு தெரிந்த மருத்துவர்கள் அந்த அழற்சியை ஒரு மருந்து கொடுத்து அடக்கிவிட வேண்டியதுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களும் அதைத்தான் பல ஆண்டுகள் நினைத்தார்கள்.

அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டு மருந்துக்கு நிகர் குறைவு. எனவே பல மருத்துவமனைகளில் இதய அறுவையின்போது அதைக் கொடுத்து வந்தார்கள். நெதர்லாந்தில் 4,494 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. தொற்று குறைந்தது, மருத்துவமனையில் தங்கும் காலமும் சற்றுக் குறைந்தது. ஆனால், இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. பிறகு 18 நாடுகளில் 7,507 நோயாளிகளைக் கொண்டு இன்னும் பெரிய ஆய்வு நடந்து, 2015இல் முடிவு வந்தது. அதிலும் இறப்பு குறையவில்லை. இதயத் தசைக்கு ஏற்படும் பாதிப்பு ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் கூடுதலாகவே காணப்பட்டது.

இயந்திரம்தான் குற்றவாளி என்றால் இயந்திரம் இல்லாமலே செய்துவிடலாம் என்று சிலர் எண்ணினார்கள். துடிக்கும் இதயத்தின் மீதே பைபாஸ் தைக்கும் முறையும் வளர்ந்தது. 19 நாடுகளில் 4,752 நோயாளிகளை இரு பிரிவாக்கி இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். 2012இல் வந்த முடிவின்படி, முதல் முப்பது நாள்களில் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. இயந்திரம் எதிர்ப்பைப் பெரிதாக்குகிறது என்பது உண்மை. ஆனால், கத்தி பட்டாலே உடல் எழுந்து நிற்கும் என்பதும் உண்மை.

இந்த ஆய்வுகளை வாசித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. சோறு வேகவும் அதே நெருப்புத்தான், கூரை எரியவும் அதே நெருப்புத்தான். முழுவதுமாக அணைத்துவிட்டால் சோறு வேகாது. விட்டுவிட்டால் வீடு மிஞ்சாது. எனவே இன்றைய மருத்துவம் இரத்தத்தோடு ஒத்துப்போகும் பூச்சு கொண்ட குழாய்களைப் பயன்படுத்துகிறது. இயந்திர நேரத்தைச் சுருக்குகிறது. குழந்தைகளுக்கு அறுவை முடிந்ததும் இரத்தத்திலிருந்து மிகையான நீரை வடிகட்டி எடுக்கிறது. மிச்சத்தை உடலே நடத்தட்டும் என்று விட்டுவிட்டு, இரவும் பகலும் அருகிலிருந்து கவனிக்கிறது.

என் வாதத்திற்கு அடிப்படை இதுதான். இந்தக் கட்டத்தை இல்லாமல் செய்துவிடும் மருந்து கிடையாது. ஏதோ ஓர் அளவில் எல்லா நோயாளிகளும் இதைக் கடந்துதான் ஆக வேண்டும். நடக்கப் போகிறவனுக்கு வழியில் ஆறு இருக்கிறது என்று சொல்லாமல் அனுப்பலாமா? எவ்வளவு ஆழம், எங்கே கால் வைக்க வேண்டும், யார் கை கொடுப்பார்கள் என்று சொல்லி அனுப்புவதுதானே முறை? அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சில நிமிடங்களும் புரியும் மொழியும் போதும்.

‘பியாசா’ என்ற ஒரு சொல்

என் பெரியப்பா லாரி ஓட்டுநர். மூன்று குழாய்களில் அடைப்பு என்று சொல்லிப் பைபாஸ் செய்தார்கள். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல். கண்கள் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. பெரியம்மாவைப் பார்த்து, இறந்துபோன தம் அக்காவின் பெயரைச் சொல்லி அழைத்தார். கையில் ஏறிக்கொண்டிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தார். பெரியம்மா அழுதுவிட்டார்.

சுற்று வந்த மருத்துவரிடம் கேட்டோம். “பியாசா, ஜாங்கான் ரிசாவ்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ‘வழக்கமானதுதான், கவலைப்படாதீர்கள்’ என்று பொருள். அவர் சொன்னது பொய்யன்று. அவருக்கு இன்னும் எத்தனையோ கட்டில்கள் காத்திருந்தன. ஆனால், தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட என் பெரியம்மா என்னிடம் திரும்பிக் கேட்டார்: “எதுடா பியாசா? புருஷன் பொண்டாட்டிய மறக்கிறதா?”

அன்று மாலை தமிழ்த் தாதி ஒருவர் வந்தார். “அம்மா, நெஞ்சத் தொறந்திருக்காங்க இல்லையா? உடம்பு அத அடிபட்டதா நெனச்சு எதுத்து நிக்குது. அதனாலதான் சூடு, வீக்கம், கொழப்பம் எல்லாம். நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். கொஞ்சங்கொஞ்சமா அடங்கும்” என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று முதல் முறையாகச் சாப்பிடப் போனார். ஆறாம் நாள் பெரியப்பா அவரை அடையாளம் கண்டுகொண்டு, வீட்டில் நாய்க்குச் சோறு வைத்தாயா என்று கேட்டார்.

கதை அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அந்த மூன்றாம் நாள் பெரியப்பாவைப் பார்க்க அவருடைய நண்பர் ஒருவர் வந்திருந்தார். அவருக்கும் அதே அறுவைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். கட்டிலில் கிடந்த நண்பரைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனவர் தம் தேதியன்று மருத்துவமனைக்குப் போகவே இல்லை. பிள்ளைகள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஏழு மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் உறக்கத்திலேயே போய்விட்டார். அறுவை செய்துகொண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. அவர் எடுத்த முடிவு, தாம் கண்ட காட்சியின் பொருள் தெரியாமல் எடுத்த முடிவு என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நம் நாட்டில் அனைவரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது, 1989இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் பைபாஸ் செய்துகொண்டார். 2007இல் ஐ.ஜே.என். என்று நாம் அழைக்கும் தேசிய இருதயக் கழகத்தில் இரண்டாவது முறை செய்துகொண்டார். அந்த முறை காயத்தில் தொற்று ஏற்பட்டு மீண்டும் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. ‘மோசமாச்சு’ என்று அன்று பேசியவர்கள் இருந்திருப்பார்கள். 2018இல் அவர் மீண்டும் பிரதமரானார். 2025இல் நூறு வயதை எட்டினார். எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல வரவில்லை. அறுவைக்குப் பிந்திய சில நாள்களை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்றே சொல்கிறேன்.

மறுப்புகளுக்குச் சில வார்த்தைகள்

மருத்துவர்களுக்கு நேரம் இல்லை என்பது முதல் மறுப்பு. உண்மைதான், அரசாங்க மருத்துவமனைக்குப் போன யாரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால், விளக்கம் மருத்துவர் வாயிலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. ஒப்புதல் பாரத்தில் கையெழுத்து வாங்கும் நாளில் ஒரு தாளைக் கொடுக்கலாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டலாம். முன்கூட்டியே சொன்ன அரை நிமிடம், பிறகு பதறிக் கேட்கும் பல கேள்விகளையும் மிச்சப்படுத்தும்.

இதையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்து ஓடிவிடுவார் என்பது இரண்டாவது மறுப்பு. என் பெரியப்பாவின் நண்பர் சொல்லாததால்தான் பயந்தார். எதிர்பார்த்த துன்பத்தை மனிதன் தாங்கிக்கொள்வான். எதிர்பாராதது வந்தால்தான் நிலைகுலைவான். பிரசவ வலியைப் பற்றித் தாய்மார்கள் மகள்களிடம் முன்பே சொல்லி வைப்பதில்லையா?

மூன்றாவது மறுப்பு மிக முக்கியமானது. ‘இது வழக்கமானதுதான்’ என்று சொல்லிவிட்டால், உண்மையான ஆபத்து வரும்போதும் குடும்பத்தார் சும்மா இருந்துவிட மாட்டார்களா? இந்த அச்சத்தில் பொருள் இருக்கிறது. ஏனெனில், அறுவையால் வரும் அழற்சியும் கிருமித் தொற்றால் வரும் அழற்சியும் வெளியே ஒன்றுபோலவே தெரியும். 1991இல் அமெரிக்க மருத்துவர்கள் கூடி உடல் முழுவதும் பரவும் அழற்சிக்கு அடையாளங்களை வகுத்தார்கள்: உடல் வெப்பம் 38 பாகைக்கு மேல் அல்லது 36க்குக் கீழ், நாடி நிமிடத்திற்கு 90க்கு மேல், மூச்சு 20க்கு மேல், வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையில் பெரிய ஏற்ற இறக்கம். இவற்றில் இரண்டு இருந்தால் போதும். இதய அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள். இந்த அடையாளங்களை மட்டும் வைத்துக் கிருமித் தொற்றைப் பிரித்தறிய முடியாது என்பதால், கடுந்தொற்றை வரையறுக்க இவற்றைப் பயன்படுத்துவதை 2016இல் மருத்துவ வல்லுநர்கள் கைவிட்டார்கள்.

எனவே ‘வழக்கமானது’ என்று மட்டும் சொன்னால் போதாது. எதுவரை வழக்கம், எப்போது ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் இருக்கும்வரை அதைப் பிரித்துப் பார்ப்பது மருத்துவர், தாதியரின் வேலை. வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் அடித்தாலோ, காயம் சிவந்து சீழ் வடிந்தாலோ, நெஞ்செலும்பு அசைவதுபோல் இருந்தாலோ, மூச்சு முட்டினாலோ, அது குடும்பத்தின் வேலை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், இன வாரியாகப் பார்த்தால் நீரிழிவு இந்தியர்களிடையேதான் மிக அதிகமாக இருந்தது. நீரிழிவு உள்ளவருக்குக் காயம் ஆறுவது தாமதமாகும். தொற்றும் எளிதில் பற்றும். எனவே இந்த எச்சரிக்கை நம் வீடுகளுக்கு இரட்டிப்பாகத் தேவை. விரால் மீன் சூப்பு வைத்துக் கொடுப்பதில் நாம் காட்டும் அக்கறையை இதிலும் காட்ட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

நான் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியில் படித்தேன். இதயம், நுரையீரல், இரத்த ஓட்டம் என்ற சொற்களை அங்கேதான் கற்றேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, படிவம் நான்கு உயிரியல் பாடத்தில் இந்த அழற்சியைக் ‘கெராடாங்கான்’ என்று மலாயில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கிறேன். நம்மில் பலரின் நிலையும் இதுதான். மூன்று மொழிகளிலும் அறிவைச் சுமந்துகொண்டு, வீட்டில் பெரியம்மா கேட்கும் கேள்விக்கு மட்டும் சொல் கிடைக்காமல் நிற்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனையில் அழற்சி என்ற நல்ல தமிழ்ச் சொல்லைச் சொன்னாலும் பெரியவர்கள் பலருக்குப் புரியாது. கொதிப்பு என்று சொன்னால் இரத்தக் கொதிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். கலைச்சொல் நமக்கு வேண்டும், கட்டுரை எழுதவும் பாடம் நடத்தவும். கட்டிலருகே நிற்கும்போது வேறு தமிழ் வேண்டும். அந்தத் தாதி பேசிய தமிழ் அதுதான். அந்தத் தாளும் ஒலிப்பதிவும் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“இது நெஞ்சைத் திறந்து செய்யும் வைத்தியம். உடம்பு அதை அடிபட்டதாக நினைத்து எதிர்த்து நிற்கும். முதல் சில நாள் காய்ச்சல் வரலாம், முகமும் கைகாலும் வீங்கலாம், மனம் குழம்பலாம். அதைக் கவனிக்கத்தான் தனிப் பிரிவில் வைத்திருக்கிறோம். நிறையப் பேருக்கு இது கொஞ்சங்கொஞ்சமாக அடங்கிவிடும். சிலருக்கு அடங்காமல் நுரையீரலையோ சிறுநீரகத்தையோ பாதிக்கலாம். அப்படி நடந்தால் உங்களிடம் சொல்வோம். வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல் வந்தாலோ புண்ணில் சீழ் வந்தாலோ காத்திருக்காமல் உடனே வாருங்கள்.”

நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடம் ஆகாது. நம் தமிழ் மொழிக் கழகம் ஆண்டுதோறும் கவியரங்கமும் பட்டிமன்றமும் நாடகமும் நடத்துகிறது. அவை வேண்டாம் என்று சொல்பவன் நான் அல்லன். பட்டிமன்ற மேடையில் பேசிப் பழகியதால்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் துணிந்தேன். அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்வோம். மருத்துவம், மருந்தியல், தாதியர் பயிற்சி, உயிர்மருத்துவ அறிவியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் எல்லா வளாகங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேரும், தமிழ் படிக்கும் மாணவர்கள் பத்துப் பேரும் ஒரு விடுமுறையில் உட்கார்ந்தால் போதும். ஒருவர் உண்மை பிசகாமல் பார்த்துக்கொள்வார். மற்றவர் மொழி புரியும்படி பார்த்துக்கொள்வார். எழுதியதை ஒரு மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொண்டு, மருத்துவமனைகளிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். வேண்டாம் என்று சொன்னால் கோயில்களிலும் தாமான் சங்கங்களிலும் கொடுப்போம்.

தமிழ் வாழ வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஒரு மொழி, அதைப் பேசுகிறவன் அச்சத்தில் இருக்கும்போது அவனுக்குப் பயன்பட வேண்டும். அடுத்த ஆண்டு மலர் வெளிவருவதற்குள் அந்த ஒரு தாள் அச்சாகி, ஏதாவது ஒரு வார்டில் ஒரு பெரியம்மாவின் கையில் இருக்குமானால், இவ்வாண்டு நம் கழகம் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும். முன்வர விரும்புகிறவர்கள் கழகச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.